கால் போன வழி

"காலை எடுத்தால்தான் உயிர் தங்கும்" என்ற வார்த்தையை ரத்தநாள அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் எல்லோரும் எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குச் சொல்லியிருப்போம். சொல்கிற நாளில் அது பெரும்பாலும் உண்மைதான். பாதம் கறுத்து, சீழ் கெண்டைக்கால்வரை ஏறி, காய்ச்சலும் பிதற்றலுமாக ஸ்ட்ரெச்சரில் வருகிறவரின் வீட்டாரிடம் வேறு என்ன சொல்வது? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து விழுகிறது, அறுவை முடிகிறது, கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை நோய், பாத அழுகல், முழங்காலுக்குக் கீழ் துண்டிப்பு' என்று ஒரு வரி ஏறுகிறது. படிக்கிற யாருக்கும் சர்க்கரைதான் காலைக் கொண்டுபோயிற்று என்று தோன்றும். அந்த வரி பாதி உண்மைதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நோய், காலை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்குப் பிறகு கால் தங்குமா போகுமா என்பது, புண் வந்த நாளுக்கும் அறுவை மேசைக்கும் இடையிலான வாரங்களில் யார் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே எடுக்கப்படும் ஒவ்வொரு காலுக்கும், நோயின் பெயரோடு அது வந்த வழியையும் நாம் எழுதிவைக்க வேண்டும். இப்போது எழுதுவதில்லை.

முதலில் எதை இழக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணுக்காலுக்கு மேல் எங்கே வெட்டினாலும் அது பெருந்துண்டிப்பு. விரலையோ முன்பாதத்தையோ எடுப்பது சிறுதுண்டிப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாமே 'கால் போச்சு' என்ற ஒரே கணக்குத்தான். எங்களுக்கோ முழங்கால் மூட்டு ஓர் எல்லைக்கோடு. மூட்டு தங்கினால், செயற்கைக் காலோடு நடக்கச் சாதாரண நடையைவிட நாலில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்குவரை கூடுதல் சக்தி செலவாகும். மூட்டும் போனால் அந்தக் கூடுதல் மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டிவிடும். விபத்தில் காலை இழந்த இளைஞரின் இதயம் அந்தச் செலவைத் தாங்கும். காலின் ரத்தக்குழாய் அடைத்தவருக்குப் பெரும்பாலும் இதயத்தின் குழாய்களும் அடைத்திருக்கும். அவரால் தாங்க முடியாது. அதனால்தான் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்ட முதியவர்களில் பலருடைய செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. ராத்திரியில் கழிவறைக்குப் போக இன்னொருவரை எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்பது அந்த ஒரு மூட்டில் இருக்கிறது.

அந்த மூட்டைக் காப்பாற்றுவது அறுவை மேசையில் சர்ஜனின் கைத்திறனால் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூட்டுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் கீழே முன்னெலும்பை அறுக்கிறோம். பின்பக்கத்துக் கெண்டைச் சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அதை நீண்ட மடலாக விட்டுவைத்து, முன்னால் மடித்துத் தைக்கிறோம். கத்தி சதைக்குள் இறங்கும் அந்த நொடியில் பார்க்க வேண்டியது நிறத்தைத்தான். சதை சிவந்து, வெட்டிய விளிம்பில் ரத்தம் துளிர்த்து, மின்சூட்டுக் கம்பி பட்டதும் துள்ளிச் சுருங்கினால் இந்த மட்டம் ஆறும். வேகவைத்த இறைச்சியைப்போல் வெளிறி, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் ஆறாது. இன்னும் மேலே போக வேண்டும். ஆசைப்பட்டுக் கீழேயே தைத்துவிட்டால், சில நாளில் தையல் கறுத்து, அதே நோயாளியை இரண்டாம் முறை மயக்கத்தில் ஆழ்த்தி முழங்காலுக்கு மேல் வெட்ட நேரும். ஆக, எங்கே வெட்டுவது என்பதைக் கத்தி தீர்மானிப்பதில்லை. ரத்தம் எதுவரை வந்து சேர்கிறது, சீழ் எதுவரை ஏறியிருக்கிறது என்ற இரண்டும் அதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. இரண்டும் கடந்த சில வாரங்களில் நடந்தவை.

இனி விளைவு. அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு டேவிட் ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் 2020இல் ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள். பெருந்துண்டிப்புக்குப் பின் ஐந்தாண்டுக்குள் இறப்பவர்கள் 56.6 சதவீதம். சிறுதுண்டிப்புக்குப் பின் 46.2 சதவீதம். சர்க்கரைப் புண் வந்தவர்களில் 30.5 சதவீதம். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் 31 சதவீதம். மார்பகப் புற்றுநோயில் 9, நுரையீரல் புற்றுநோயில் 80. காலில் ஒரு புண்ணோடு வருகிறவர் ஏறக்குறைய ஒரு புற்றுநோயாளிக்குள்ள ஆபத்தோடு வருகிறார். ஆனால் புற்றுநோய் என்றால் பதறிப்போய் ஊரைக் கூட்டுகிற குடும்பம், புண் என்றால் மஞ்சள் பூசி ஒரு வாரம் பார்க்கிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் மாதமும் எளிதில் கடக்கிற மாதமில்லை. பிரிட்டனில் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஒரு தேசிய ஆய்வில், கால் துண்டிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் முப்பது நாளுக்குள் இறந்திருந்தார்கள். அத்தனை வசதிகள் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். இவர்கள் இறப்பது காலை எடுத்ததாலா, அல்லது காலை எடுக்கும் அளவுக்கு ஏற்கெனவே உடல் கெட்டிருந்ததாலா? பெரும்பாலும் இரண்டாவதுதான். சாவு மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் வருகிறது. துண்டிப்பு அந்த மரணத்துக்குக் காரணமில்லை, முன்னறிவிப்பு. இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் தளர்ந்துவிடாது. முன்னறிவிப்பு என்றால், தையல் பிரித்த நாளோடு எங்கள் வேலை முடிந்துவிடக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை அடியோடு விடுவது ஆகிய நான்கும் அந்த நாளிலிருந்து இன்னும் கறாராகத் தொடர வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு இவை தவறாமல் எழுதிக்கொடுக்கப்படுகின்றன. காலை இழந்தவருக்கோ வலி மாத்திரையும் டிரஸ்ஸிங் தேதியும் மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புவது இன்னும் நடக்கிறது. இதயத்தின் குழாயும் காலின் குழாயும் ஒரே மரத்தின் கிளைகள். கீழ்க்கிளையை வெட்டியதும் மரத்தின் நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம்.

யாருக்குக் கால் போகும் என்று கேட்டால் பாடநூல்கள் தெளிவான பட்டியல் தருகின்றன. சர்க்கரை நோய் முதலிடத்தில். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு 2000ஆம் ஆண்டு காட்டிய கணக்கில், மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு ஒரு சதவீதம் குறைவாக இருந்தால், கால் துண்டிப்போ காலின் ரத்தநாள நோயால் மரணமோ நேர்வது 43 சதவீதம் குறைவாக இருந்தது. அடுத்தது புகை. புகைப்பவருக்குக் கால் ரத்தக்குழாய் அடைக்கும் ஆபத்து மற்றவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. சர்க்கரையே இல்லாத இளைஞர்களின் விரல்களைக் கருக்கும் பர்ஜர் நோய் முழுக்க முழுக்கப் புகையிலையின் குழந்தை. பீடியை ஒரேயடியாக விட்டவர்களுக்கு அதில் பெருந்துண்டிப்பு அரிது. தினம் இரண்டு என்று குறைத்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிறகு சிறுநீரகம். டயாலிசிஸில் இருப்பவரின் கால் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடுகின்றன. புண் ஆறும் சக்தியும் குறைகிறது. வயது, முன்பு வந்த புண், முன்பு எடுத்த விரல் எல்லாம் பட்டியலில் உண்டு.

பட்டியலில் தவறில்லை. ஆனால் அதில் உள்ள எல்லாமே நோயாளியின் உடலுக்குள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். இத்தனையும் இருந்தும் காலை இழக்காதவர்களே பெரும்பான்மை. அப்படியானால் இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். 1990இல் சியாட்டில் நகரிலிருந்து பெக்கொராரோ, ரைபர், பர்ஜஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வை எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் 80 துண்டிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பின்னோக்கி நடந்து பார்த்தார்கள். 72 சதவீதத்தில் ஒரே வரிசை: முதலில் சின்னக் காயம், அது புண்ணாயிற்று, புண் ஆறாமல் போயிற்று. இறுக்கமான செருப்பு, நகம் வெட்டும்போது பட்ட கீறல், காலில் ஏறிய முள் போன்றவைதான் அந்தச் சின்னக் காயங்கள். கால் போவதற்கு ஒரு பெரிய காரணம் இருந்ததில்லை. சின்னச் சின்னக் காரணங்கள் வரிசையில் நின்றன. எந்த இடத்திலாவது ஒன்றைத் தடுத்திருந்தால் வரிசை அங்கேயே அறுந்திருக்கும்.

அந்த வரிசை ஏன் அறுவதில்லை என்பதற்கான முதல் பதிலைக் கண்டுபிடித்த இடங்களில் ஒன்று தமிழ்நாடு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராயத் தொடங்கினார். தொழுநோய் சதையைத் தின்றுவிடுவதால் விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அதுவரை நம்பிவந்தார்கள். வலி தெரியாததால் காயம்பட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்று அவர் நிறுவினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளியின் மதமதத்த பாதத்துக்குப் பொருத்தினார். பாதம் முழுதும் படியுமாறு மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணின் மேல் விழும் பாரத்தைப் பரப்பிவிடும் முறையை இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே கையாண்டிருந்தார். பிராண்ட் வழியாக அது அமெரிக்காவில் பரவியது. இன்று உலகம் முழுதும் சர்க்கரைப் பாதத்துக்கு அதுவே உயர்ந்த சிகிச்சைகளில் ஒன்று. மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோய் மருத்துவம் தந்த கொடைதான். ஆக, தீர்வு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றில்லை. வேலூர்ப் பக்கம் பிறந்த அறிவு திண்டிவனம் பேருந்து நிலையத்துச் செருப்புக் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வலி இல்லாதது நோயாளியைத் தாமதிக்க வைக்கிறது. அதைவிட வருத்தமான தாமதம் எங்கள் பக்கம் நடக்கிறது. பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தடித்திருக்கும் காய்ப்பை 'ஆணி' என்று பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிடுகிறார்கள். அதன் அடியில் சீழ் கட்டியிருக்கும். புண்ணுக்கு தினமும் டிரஸ்ஸிங் நடக்கும், ஆண்டிபயாடிக் மாறும், ஆனால் அந்தப் பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்று ஆறு வாரமாக எவரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரு விரல் கறுக்கும். ரத்த ஓட்டத்தைப் பார்க்காமலே அதை எடுப்பார்கள். அந்தக் காயம் ஆறாது. அடுத்த விரல், பிறகு முன்பாதம், பிறகு கால் என்று வெட்டு மேலேறிக்கொண்டே போகும். சீழ் இருந்தால் அதை உடனே திறந்துவிட வேண்டும். ஆஞ்சியோவுக்காக ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. ஆனால் சீழ் வடிந்த மறுநாளே, 'ரத்தம் வருகிறதா' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். கருவியும் ஏமாற்றக்கூடும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருவது அடைப்பின் அடையாளம். சர்க்கரை நோயாளியிடம் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி பிவிசி பைப் போல் விறைத்திருந்தால், உள்ளே அடைத்திருக்கும்போதே கணக்கு 1.3 என்று நன்றாக இருப்பதுபோல் காட்டும். கட்டைவிரலில் அழுத்தம் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

கருவி இல்லை என்பது சாக்காகாது. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர்மேலே மூன்று விரல்களை மெல்ல வைத்தால் ஒரு நாடி கிடைக்கும். உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. படுத்தபடி காலை உயர்த்திப் பிடித்தால் பாதம் வெளிறி, தொங்கவிட்டால் கத்தரிப்பூ கலந்த சிவப்பாகக் கன்றினால் அடைப்பு முற்றிய நிலையில் இருக்கிறது. ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியமே ஒரு ஸ்கேனுக்குச் சமம். உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் ஜெரி ரேமன் குழு உருவாக்கிய தொடுசோதனை இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் ஆட்காட்டி விரலால் இறகு பட்டதுபோல் ஒரு நொடி தொட வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இரண்டு நிமிடம், செலவே இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. மாத்திரை தரும் கை அந்த ஆறு விரல் நுனிகளையும் தொட்டுவிட்டு வரலாம்.

வழியைச் சீர்செய்தால் கால் தங்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மைக்கேல் எட்மண்ட்ஸ் குழு 1981இல் பாதத்துக்கென்றே தனி கிளினிக் தொடங்கியது. பெருந்துண்டிப்புகள் குறைந்ததை 1986இல் வெளியிட்டார்கள். சுவீடனின் லுண்டில் பல துறையினர் சேர்ந்து ஒரே இடத்தில் பார்க்கத் தொடங்கிய பிறகு, 1982க்கும் 1993க்கும் இடையில் பெருந்துண்டிப்பு 78 சதவீதம் இறங்கியது. இப்ஸ்விச்சில் 11 ஆண்டுகளில் பத்தாயிரம் சர்க்கரை நோயாளிகளுக்கு 36.4 ஆக இருந்த பெருந்துண்டிப்பு 6.7க்கு வந்தது. அந்த ஊர்களில் சர்க்கரை நோய் குறையவில்லை. மனித உடலும் மாறவில்லை. மாறியது, பாதத்தைப் பார்ப்பவர், செருப்பு செய்பவர், ரத்தநாள சர்ஜன், சர்க்கரை மருத்துவர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே அறையில் கிடைத்தார்கள் என்பதுதான்.

வெள்ளைக்காரர் கணக்கு நமக்குப் பொருந்துமா என்பது அடுத்த மறுப்பு. பொருந்தாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2000இல் வெளியான சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும்தான் கால் ரத்தநாள நோய் இருந்தது. மேலைநாட்டு விகிதங்களைவிடக் குறைவு. நம்மிடம் கால் போவதில் அடைப்பைவிடக் கிருமித் தொற்றுக்கும் மதமதப்புக்கும் பங்கு அதிகம். ஆனால் இந்த வேறுபாடு எனக்குச் சாதகமாகவே பேசுகிறது. குழாய் அடைத்த காலைக் காப்பாற்றப் பைபாஸோ பலூனோ வேண்டும். ரத்தம் நன்றாக ஓடும் காலைச் சீழால் இழப்பதற்குத் தாமதத்தைத் தவிர வேறு பெயர் இல்லை. அங்கே 78 சதவீதம் குறைக்க முடிந்தது என்றால், அடைப்பு குறைவான இங்கே அதற்கு மேலும் முடிய வேண்டும்.

'நோயாளிதான் அலட்சியம்' என்பது வார்டில் அதிகம் கேட்கும் மறுப்பு. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லில் செருப்பில்லாமல் நடந்து கொப்புளத்தோடு வருகிறார்கள். பழனிப் பாதயாத்திரையும் தீமிதியும் முடிந்து வருகிறார்கள். இரண்டு மாதம் பார்க்காமல் இருந்துவிட்டு வருகிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அலட்சியம் என்ற சொல், சுடுவது தெரிந்தும் நடந்தவருக்குப் பொருந்தும். சுடுவதே தெரியாதவருக்குப் பொருந்தாது. அவருக்கு உணர்ச்சி இல்லை என்பதை அவருக்கே யாரும் சொன்னதில்லை. புண் ஆற ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று எழுதித்தருகிறோம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஆறு வாரப் பட்டினி என்று பொருள். அறுவைக்கு அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. புண்ணே வராமல் தடுக்கும் செருப்புக்கும், அவர் வீட்டிலிருக்கும் நாட்களின் கூலிக்கும் அந்த அளவுக்கு உதவி இல்லை.

துறைக்குள்ளிருந்து வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. ரத்த ஓட்டத்தைத் திறப்பது எப்படி என்பதிலேயே எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லையே என்பார்கள். 1,830 நோயாளிகளை வைத்து 2022இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், காலின் நீண்ட மேற்சிரை (சஃபீனஸ்) நல்ல நிலையில் உள்ளவர்களுக்கு பைபாஸ் முதலில் செய்வது மேல் என்று வந்தது. 345 பேரை வைத்து 2023இல் வெளியான பேசில்-2, முழங்காலுக்குக் கீழ் உள்ள அடைப்புக்கு பலூன் முதலில் செய்வதே மேல் என்றது. இந்தச் சச்சரவு நிஜம். ஆனால் அது, சர்ஜன் கையில் கால் வந்து சேர்ந்த பிறகு நடக்கிற சச்சரவு. இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் எவரேனும் ஒருவர் நாடி பார்த்து, நேரத்தோடு அனுப்பி வந்தவர்கள். பைபாஸா பலூனா என்று வாதாடுவதற்கும் ஒரு கால் மிச்சமிருக்க வேண்டும்.

கடைசி மறுப்பு எனக்கே மதிப்புக்குரியது. துண்டிப்பைத் தோல்வியாக எண்ணத் தொடங்கினால் சர்ஜன்கள் தயங்குவார்கள்; எடுக்க வேண்டிய காலை எடுக்காமல் இழுத்தடித்து உயிரையே இழப்பார்கள். இது நடக்கக்கூடியதுதான். ரத்தத்தில் நச்சு பரவியவருக்கும், பல ஆண்டுகளாகப் படுக்கையிலிருந்து எழாதவருக்கும், வலியில் மாதக்கணக்காக உறங்காதவருக்கும் நல்ல மட்டத்தில் நேரத்தோடு செய்த துண்டிப்பு ஒரு கருணை. அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் எண்ணுவது ஆபத்து என்கிறேன். பிரிட்டனின் தேசிய ரத்தநாளப் பதிவேடு, துண்டிப்போடு இறப்பையும், முழங்காலுக்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்ற விகிதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. யாராவது இழுத்தடித்தால் மேல்மட்டத் துண்டிப்பும் மரணமும் கூடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி எண்ணிப் பழகிய மாநிலம்தான் இது. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால், 1990களின் நடுவிலிருந்தே தமிழ்நாட்டில் அது தணிக்கைக்கு உள்ளாகிறது. மருத்துவமனைப் பதிவைப் பார்ப்பதோடு நிற்காமல் வீட்டுக்கே போய், எப்போது வலி எடுத்தது, வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது என்று கேட்கிறார்கள். 'ரத்தப்போக்கு' என்று நோயின் பெயரை எழுதி முடித்துவிடுவதில்லை. 2018–20 கணக்கில் உயிரோடு பிறக்கும் இலட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் என்ற நிலைக்கு இறப்பு இறங்கியதற்குப் பல காரணங்கள் உண்டு. கேள்வி கேட்கும் அந்தப் பழக்கமும் ஒன்று. அந்தத் துறையில் மூன்று தாமதங்கள் என்று சொல்வார்கள்: போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். காலுக்கும் அச்சாக அதே மூன்றுதான். புண் கண்ணில் பட்ட நாள், முதலில் பார்த்தவர் யார், நாடி தொட்டு எழுதப்பட்ட நாள், விரல் அழுத்தமோ டாப்ளரோ எடுத்த நாள், ரத்தநாள சர்ஜன் பார்த்த நாள், சீழ் திறந்துவிட்ட நேரம், வெட்டிய மட்டம், ஓராண்டு கழித்து அவர் நடக்கிறாரா என்ற எட்டுத் தகவல்கள் ஒரு பக்கத்தில் அடங்கும். யாரையும் தண்டிக்க அதை எழுத வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் நாடி எழுதப்படாத நாள்கள் இருபதென்றும் பக்கத்து மாவட்டத்தில் இரண்டென்றும் தெரிந்துவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

எடுத்துவிட்ட காலுக்கு இனி என்ன விசாரணை என்று கேட்கலாம். காலை இழந்தவர் வார்டில் படுத்திருக்கிறார். எல்லோருடைய கண்ணும் கட்டுப்போட்ட ஸ்டம்பின் மேல் இருக்கிறது. இல்லாத பாதம் அரிக்கிறது, எரிகிறது என்று அவர் சொல்வதைக் கேட்டு மாத்திரை எழுதுகிறோம். போர்வைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாதம் இருக்கிறது. அதே சர்க்கரை, அதே குழாய்கள், அதே மதமதப்பு. நாளையிலிருந்து உடம்பின் முழுப் பாரமும் அதன்மேல்தான் ஏறப்போகிறது. கட்டிலில் ஒரே மாதிரி கிடந்தாலே அதன் குதிகாலில் அழுத்தப் புண் தொடங்கிவிடும். முதல் கால் எந்த வழியாகப் போனது என்று எழுதிவைத்திருந்தால், அந்த வழியில் எங்கே மறித்து நிற்க வேண்டும் என்பது இரண்டாவது காலுக்குத் தெரிந்திருக்கும். ரவுண்ட்ஸில் அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, அந்தப் பாதத்தின் மேல் மூன்று விரலை வைத்து, நாடி இருக்கிறதா என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதிலிருந்து தணிக்கையைத் தொடங்கலாம்.